வாவிச் சேற்றுக் கட்டையும் அப்பாவின் காலும்

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கண்டி வாவிக்கரையில், என் அப்பா செத்துப்போனார் என்று ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

படகுத்துறைக்குப் பக்கத்தில் நின்று, ஊர் பார்க்க வருகிறவர்களைப் பிடித்து வாவியின் கதை சொல்லிப் பிழைக்கிறவன் அவன். அன்றைக்கு அவனிடம் அகப்பட்டிருந்தது கொழும்பிலிருந்து வந்த ஒரு வியாபாரிக் குடும்பம். நடுவில் இருக்கும் சிறு தீவைக் காட்டினான். அலை அலையாகக் கட்டிய கரைச்சுவரைக் காட்டினான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கடைசி ராசா இந்தக் கொளத்தக் கட்டுறப்ப, மண்ணு சொமக்க மாட்டேன்னவங்கள இந்தா, இந்த எடத்துலதான் கழுவுல ஏத்துனாரு. பொய்யில்லைங்க. கொஞ்ச வருசத்துக்கு முந்திச் சேறு அள்ளுறப்ப அந்தக் கழுமரம் ஒரு கூலிக்காரன் கால்ல ஏறிருச்சு. ஏறுன எடத்துலயே ரத்தம் கக்கிச் செத்தான்."

"ஐயோ பாவம்" என்றாள் அந்த வீட்டு அம்மாள். பிள்ளைகள் தண்ணீரைப் பயத்தோடு பார்த்தன.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவரு சாகலைங்க. அம்பிட்டிய றோட்டுத் தேத்தண்ணிக் கடையில இந்நேரம் வெறகு பொளந்துகிட்டு இருக்காரு. அவரு என் அப்பா" என்றேன்.

அவன் என் தோளில் கைபோட்டு ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போனான். கோபித்துக்கொள்ளக்கூட இல்லை.

"தம்பி, படிச்ச புள்ளையா தெரியுறீங்க. செத்தாத்தானே தம்பி கதை நிக்கும்? உசுரோட இருக்காருன்னா இவுக போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு ரெயிலுக்குக் கிளம்பிருவாகல்ல?"

கதை நிற்பதற்காக என் அப்பா சாக வேண்டுமாம். ஆகையால் நடந்ததை எழுதுகிறேன்.

இந்த வாவியின் கதையை நான் முதலில் கேட்டது பள்ளிக்கூடத்தில். இந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் வயல். அரசன் குறுக்கே அணை கட்டச் சொன்னான். ஊர்ச் சனம் வெட்டியது, சுமந்தது. முடிவதற்குள் அரசனின் நாட்கள் முடிந்துவிட்டன. வெள்ளைக்காரன் வந்து அவனைக் கடல் கடத்தினான், தீவில் வெடிமருந்து அடுக்கினான். கரைச்சுவர் பாதியில் நின்றது. இதைச் சொல்லிவிட்டு ஆசிரியர், "அந்த அரசனின் வம்சம் தென்னிந்தியாவிலிருந்து வந்தது" என்றார். வகுப்பு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. இடைவேளையில் ஒருவன் கேட்டான்: "ஒங்கட ராசா ஏன்டா மண்ணு சொமக்காதவங்களக் கழுவுல ஏத்தினான்?"

எங்கள் ராசாவாம்! அவன் வம்சத்தார் ஆடும் ஊஞ்சலைக் கூட எங்கள் பாட்டன்மார் தள்ளியிருக்க மாட்டார்கள். அவர்கள் மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்து வந்தவர்கள், கோப்பிக்கும் தேயிலைக்கும். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. ஆனாலும் அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. இன்றைக்குப் பதில் சொல்கிறேன்: மண் சுமக்கச் சொன்னவனின் ஆட்கள் அல்ல நாங்கள். மண் சுமந்தவர்களின் வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறவர்கள்.

தேயிலை விலை விழுந்தபோது ஹந்தானைத் தோட்டத்தில் அப்பாவின் பேரை வெட்டிவிட்டார்கள். தட்டுமுட்டுச் சாமான்களோடு மலையிறங்கி, அம்பிட்டிய றோட்டோரம் ஓர் அறைக்கு வந்தோம். வாவியில் சேறு அள்ளும் குத்தகையை எடுத்த ஒருவரிடம் அப்பாவுக்கு வேலை கிடைத்தது.

வாவியைச் சுற்றி நடக்கிறவர்களுக்குச் சேறு தெரியாது. மழை பெய்யும்போதெல்லாம் மேட்டிலிருந்து ஓடைகள் செம்மண்ணைக் கொண்டுவந்து மேல் அந்தத்தில் கொட்டும். அள்ளாமல் விட்டால் அரசன் கட்டிய குளம் மறுபடி வயலாகிவிடும். அப்பா அதைச் சொல்லிச் சிரிப்பார்.

"ஹந்தானையில தண்ணி ஓடக் கான் வெட்டுனப்ப மண்ணத் தளத்தி விட்டதும் நான்தான். இங்க கெடந்து அள்ளுறதும் நான்தான். தொரைமாருக்கு ரெண்டு தரமும் நல்ல வேலக்காரன் கெடச்சான் பாரு!"

வேலை வெயில் மாதங்களில் நடக்கும். மதகைத் திறந்து தண்ணீரைக் கொஞ்சம் இறக்குவார்கள். ஆண்கள் இடுப்பளவு சேற்றில் வரிசையாக நிற்பார்கள். முதலில் காலால் தடவிப் பார்க்க வேண்டும். கல் இருக்கிறதா, வேர் இருக்கிறதா, ஆழம் இழுக்கிறதா என்று பாதம்தான் சொல்லும். பிறகு குனிந்து கூடையில் அள்ளிக் கைமாற்றி விடுவார்கள். கரையில் பெண்கள் வாங்கி வண்டியில் கொட்டுவார்கள். அந்தச் சேறு மேட்டுப் பங்களாக்களின் ரோசாச் செடிகளுக்குப் போகும். கண்டியில் ரோசா நன்றாகப் பூக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ஒரு சட்டம் மட்டும் எனக்கு இன்றுவரை தொண்டைக்குள் இறங்கவில்லை. துரைமாரும் துரைசானிமாரும் படகு வலித்து வரும்போது, சேற்றில் நிற்கிறவர்கள் கரையோரப் புல்லுக்குள் போய்க் குந்திக்கொள்ள வேண்டும். பார்க்கிற கண்ணுக்கு அழகு கெடக் கூடாதாம். படகு போகும்வரை குந்தியிருப்பார்கள். படகிலிருந்து துரைசானிமார் மீனுக்குப் பாண் ரொட்டி பிய்த்துப் போடுவார்கள். நீர்க்காகங்கள் மரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். பெரிய நீர் உடும்பான கபரக்கொய்யா கூட ஒளியாமல் தன்பாட்டில் நீந்திப் போகும். அதை யாரும் குந்தச் சொன்னதில்லை.

அந்த வருடம் படகுப் போட்டி வருகிறதென்று வேலையை அவசரப்படுத்தினார்கள். நான் அப்போது ஒரு சிறு பள்ளிக்கூடத்தில் கற்பிக்கத் தொடங்கியிருந்தேன். பின்னேரம் பள்ளி விட்டு வரும்போது மேல் அந்தத்துக் கரையில் கூட்டம் நின்றது. எட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு கட்டை கிடந்தது. முழங்கை நீளம் இருக்கும். நிலக்கரி போலக் கறுப்பு. ஒரு முனை கூர். அள்ளும் கூட்டத்தில் யாரோ "கழுமரம்!" என்று கத்தியிருக்கிறார்கள், அந்தச் சொல் கரை முழுக்கப் பரவி, வண்டிக்காரன் முதல் குடை பிடித்து உலாவ வந்தவர் வரை வந்து குவிந்துவிட்டார்கள்.

அப்பா கூட்டத்துக்கு அப்பால் சுவரில் உட்கார்ந்திருந்தார். தலைத்துண்டு பாதத்தைச் சுற்றியிருந்தது. சேறு எது, இரத்தம் எது என்று தெரியவில்லை.

"ஒன்னுமில்லப்பா, ஏறிருச்சு. நானே புடுங்கிட்டேன்" என்றார்.

குத்தகைக்காரருக்காக வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் யாழ்ப்பாணத்தவர். முதலில் அவர், "என்ன வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? இறங்கி வேலையைப் பாருங்கோ!" என்று குடையால் விரட்டினார். கழுமரம் என்ற சொல் அவர் காதில் விழுந்ததும் குடை தாழ்ந்தது. குனிந்து பார்த்தார். தன் சால்வையை எடுத்து அந்தக் கட்டைக்குச் சுற்றினார். "துரை இதைப் பாத்தால் விடமாட்டார்" என்று ரிக்ஷாவைக் கூப்பிட்டார். ஊரிலே பழம்பொருள் சேர்க்கும் துரை ஒருவர் மேட்டுப் பங்களாவில் இருந்தார்.

"ஐயா, அப்பாவுக்கும் ஒரு ரிக்ஷா..." என்றேன்.

"கிட்டத்தானே உங்கட வீடு? மெல்ல மெல்ல நடத்திக் கூட்டிக்கொண்டு போம்."

கட்டை ரிக்ஷாவில் போயிற்று. என் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் வந்தார்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அப்பா மறுத்தார். எங்கள் சனத்திடம் ஒரு வழக்கம் உண்டு. முள் குத்தினால் அதைப் பிடுங்கிக் கல்லில் வைத்து நசுக்குவோம். ஆணியோ கட்டையோ ஏறினால் அதை நெருப்பில் போட்டுவிடுவோம். குத்தியது முழுசாகக் கிடந்தால் புண் ஆறாது என்பது நம்பிக்கை. தேயிலைக் காட்டில் கவ்வாத்து வெட்டிய குச்சி ஏறினால்கூட அதைத் தேடி எடுத்து அடுப்பில் போட்ட பிறகுதான் அம்மா மஞ்சள் வைத்துக் கட்டுவாள்.

"அந்தக் கட்டைய வாங்கியா. எரிச்சிட்டு எங்க வேணும்னாலும் வர்றேன்" என்றார் அப்பா.

"என்ன பேச்சுப்பா இது? கட்டை பங்களாவுல இருந்தா ஒங்க கால் புண்ணு எப்படி ஆறாம போகும்?"

"நீ படிச்சவன். ஒன் கால்ல ஏறல."

பக்கத்து அறைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. இது வெறும் கட்டையில்லை, செத்தவன் கோபம் அதில் இருக்கிறது, தமிழ் ராசாமேல் உள்ள கோபத்தைத் தமிழன் காலில் தீர்த்துக்கொண்டது என்று சொன்னார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஓவசியர்மேல் வந்த கோபத்தில் பாதி இவர்கள்மேலும் வந்தது. பாதம் பூசணிக்காயாக வீங்கியது. தொடையிடுக்கில் நெறி கட்டியது. அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு அதையே சொன்னார்: "கட்டைய வாங்கியா."

நான் பங்களாவுக்குப் போனேன். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதை வழியெல்லாம் இங்கிலீசில் கோர்த்துக்கொண்டு போனேன். துரை பழைய தோட்டத் துரை. வராந்தாவில் கதிரையில் இருந்தார். மேசைமேல் கட்டை, கழுவித் துடைத்து எண்ணெய் பூசி இருந்தது. என் அப்பாவின் காலுக்கு அதுவரை யாரும் எண்ணெய் பூசவில்லை.

நான் இங்கிலீசில் சொன்னேன். காயப்பட்டவர் என் தந்தை, நிலைமை மோசம், இந்த மரத்தை எரித்தால்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்கிறார், முழுவதும் வேண்டாம், ஒரு சிராய் போதும், அதை அவர் கண் முன்னால் எரித்துவிடுகிறேன்.

அவர் தோட்டத் தமிழில் பதில் சொன்னார்.

"நீ அவன் மகன்? நல்லது. என்னா சொல்றான் அவன்? எரிச்சா கால் சொகமாகும்?"

மறுபடியும் இங்கிலீசில் சொன்னேன். மறுபடியும் கூலிக்குப் பேசுகிற தமிழ்தான் வந்தது.

"ரொம்ப நல்ல கதை. நான் எழுதி வைக்கிறேன். ஆனா மரம் குடுக்க ஏலாது. இது சரித்திரம். வெளங்குதா? சரித்திரம் வெட்டக் கூடாது."

நான் ஆறு வருடம் படித்த இங்கிலீசு அந்த வராந்தாவில் ஒரு செல்லாக் காசு. என் வாயைப் பார்த்துக்கொண்டே அவர் என் தோலுக்குப் பதில் சொன்னார். திரும்பும்போது, "நில்லு" என்று உள்ளே ஆள் அனுப்பி எதையோ கொண்டுவரச் சொன்னார். மருந்தாக இருக்கும் என்று நினைத்தேன். வந்தது ஒரு சோடி பழைய சப்பாத்து.

"அவனுக்குக் குடு. இனி கால்ல குத்தாது."

அவர் கேலிக்குச் சொல்லவில்லை. நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. பாதத்தால் தடவி வேலை செய்கிற மனிதனுக்கு, அந்தப் பாதம் கதவுக்குள் நுழையாத அளவு வீங்கிக் கிடக்கும்போது, சப்பாத்து. படிக்கட்டிலேயே அவற்றை நேராக, சோடியாக வைத்துவிட்டு இறங்கினேன்.

எங்கள் அறைக்கு முன்னால் தேத்தண்ணிக் கடை. நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் ஆற்றுகிற தேத்தண்ணியை நிறுத்தினார். அம்மாவும் அங்கேதான் நின்றாள், நான் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு.

"என்ன மகன், வெறுங்கையா வாறீங்க? வாப்பாக்கு எப்பிடி இரிக்கி?"

நடந்ததைச் சொன்னேன். நானா பல்லைக் கடித்தார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பினாள். அவள் கண் நானாவின் அடுப்புக்குக் கீழே போயிற்று. அங்கே பாதி எரிந்து அணைந்த விறகுகள் கிடந்தன. ஒன்றைக் காலால் புரட்டினாள்.

"நானா, இத எடுத்துக்கவா?"

நானாவுக்கு உடனே விளங்கிவிட்டது. "அல்லாவே! எடுங்க தங்கச்சி, எடுங்க. இன்னம் கொஞ்சம் கூரா வேணுமெண்டா சீவித் தாறன்" என்று கத்தியைத் தேடினார்.

சீவினார். சேற்றுத் தண்ணீரில் தோய்த்தார். அம்மா அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு போய் அப்பாவுக்குத் தூரத்தில் நின்றே காட்டினாள். "கிட்ட கொண்டாரப்படாது, திரும்பவும் தீட்டு" என்று அவளே சொல்லிக்கொண்டாள். முற்றத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். அப்பா வாசல் நிலையில் சாய்ந்து, அது சாம்பலாகும்வரை இமைக்காமல் பார்த்தார். பிறகு, "வண்டி கூப்பிடு" என்றார்.

பெரியாஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் காலையே எடுத்திருப்போம் என்று சொன்னார்கள். அப்பா தடி ஊன்றி வீட்டுக்கு வந்து, வேலைக்குப் போனபோது ஓவசியர் தலையை ஆட்டினார். சேற்றில் நிற்கப் பாதம் வேண்டும். குறைப் பாதத்தால் தடவ முடியாது. பேரை வெட்டியாயிற்று.

படகுப் போட்டி அன்று ஊரே வாவிக்கரையில் கூடியது. கொடி, மேளம், கடலைக்காரர். கரையில் ஒரு கூடாரம் போட்டுப் பழம்பொருட்களை வைத்திருந்தார்கள். யாரும் போய்ப் பார்க்கலாம். அப்பா பார்க்க வேண்டுமென்றார். அம்மாவின் முகம் மாறியதை நான் கவனித்தேன், ஆனால் தடுக்க வழியில்லை.

பழைய வாள், ஓலைச்சுவடி, செப்புக்கிண்ணி. கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட்டுத் துணிமேல் அந்தக் கட்டை. பக்கத்தில் இங்கிலீசில் ஓர் அட்டை.

"என்னா எழுதியிருக்கு?"

வாசித்துச் சொன்னேன். அரசன் காலத்துக் கழு. வாவியிலிருந்து கண்டெடுத்தவர், கீழே துரையின் பெயர்.

"தொரையா கண்டெடுத்தாரு? அவரு கால்ல எங்க குத்துச்சு?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்தார். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"இத எரிச்சோம்ல?"

"எரிச்சது நானா கடை வெறகு" என்றாள் அம்மா, ஒளிக்காமல். "என்னா செய்யச் சொல்றீங்க? எரிக்காட்டி நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பீங்களா? இந்நேரம் படமா தொங்கியிருப்பீங்க."

அப்பா குனிந்து காலைத் தடவிக்கொண்டார். "அதான், மழை வந்தா இன்னும் குத்துது" என்றார்.

பிறகு தடியை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். இரண்டு விரல் போன காலை முன்னால் நீட்டிக்கொண்டார். கட்டையைப் பார்க்க வந்தவர்கள் காலையும் பார்த்தார்கள். சிலர் கட்டையை விட்டுவிட்டுக் காலையே பார்த்தார்கள். "இந்தக் காலா? இதிலயா?" என்று ஒரு சிங்களக் கிழவர் கேட்டு, பக்கத்தில் குந்தி, தழும்பைத் தொட்டுப் பார்த்தார்.

ஓவசியர் ஓடிவந்தார். "எழும்பும், எழும்பும். துரைமார் வரப்போகினம். என்ன கூத்து இது?"

"வரட்டுங்க. ஒன்னு, கட்டையக் குடுங்க எரிச்சிட்டுப் போறேன். இல்லாட்டி வேலையக் குடுங்க. ரெண்டும் இல்லைன்னா இப்படியே இருக்கேன். கட்டை ஒருத்தரும் தொடாம இருக்குறப்ப நான் இருந்தா என்னா?"

ஓவசியர் என்னைப் பார்த்தார். "தம்பி, நீர் படிச்சனீர். நீராவது சொல்லும்."

"அவரு சொல்றதுல என்ன பிழை ஐயா?" என்றேன்.

அப்போது துரை தன் கூட்டத்தோடு உள்ளே வந்தார். ஓவசியர் வியர்த்துப்போனார். ஆனால் துரைக்குக் கோபம் வரவில்லை. அப்பாவின் காலைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. கூட வந்தவர்களிடம் இங்கிலீசில் சந்தோஷமாக எல்லாவற்றையும் சொன்னார். எரிக்க வேண்டும் என்று கேட்ட கதையையும் சொன்னார். படம் பிடிக்கிறவனைக் கூப்பிட்டார்.

"அப்படியே இரு. அசையாதே. காலை இன்னும் கொஞ்சம் மரம் பக்கம் வையி. நல்லது!"

குடைக்கும் அதட்டலுக்கும் எழும்பாத என் அப்பா அந்தச் சொல்லுக்கு எழுந்தார். என்னைப் பிடிக்கக்கூட இல்லை. தடியை எடுத்தார், வேட்டியை இறக்கிவிட்டுப் பாதத்தை மூடினார்.

"படத்துக்கு ஒங்க கட்டையே போதுங்க" என்றார். கூட்டம் வழி விட்டது. வெளியே படகுகள் எல்லையைத் தொட்டிருக்க வேண்டும், கைதட்டல் கேட்டது. நாங்கள் மூவரும் கரைச்சுவரைப் பிடித்துக்கொண்டு மேல் அந்தத்துப் பக்கமாக நடந்தோம். ஓடை மறுபடி செம்மண்ணைக் கொண்டுவரத் தொடங்கியிருந்தது. அப்பா ஓரிடத்தில் நின்று, அள்ளாமல் விட்ட சேற்றைப் பார்த்தார்.

"போட்டிக்குன்னு அவசரப்பட்டு அரைகொறையா விட்டுட்டானுக" என்றார். "அடுத்த மழைக்கு இது வயல்."

இந்த மனிதரைத்தான் செத்துவிட்டார் என்கிறார்கள்.